பழைய கார் வாங்கினேன். திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேராக வரவில்லை, ஏன்?

ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்ப முக்கியக் காரணம் காஸ்டர் கோணம். முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சின் மேல்முனை சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். இது மாறியிருந்தாலோ, எங்காவது உராய்வு பிடித்தாலோ, நீங்கள்தான் கையால் நேராக்க வேண்டிவரும்.

முதலில் டயர் காற்று. குறைவாக இருந்தால் அதுவே போதும், ஸ்டீயரிங் கனக்க. சரியாக இருந்தால், மெக்கானிக்கிடம் முன்பக்கத்தைத் தூக்கச் சொல்லி ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு), ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் உள்ள தூண்) மேல் பேரிங், ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சட்டம்) ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் மட்டும் இறுகினால் ஸ்டீயரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயின்ட் (மடங்கும் மூட்டு) துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

தூக்கியபோது லேசாகத் திரும்பினால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது) பாருங்கள். அளவுகள் அச்சிட்ட தாளைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பல கார்களில் காஸ்டரைத் திருத்தவே வழியிருக்காது. இடது, வலது அளவுகள் வெகுவாக வேறுபட்டால் ஏதோ பாகம் வளைந்திருக்கிறது, அதாவது வண்டி முன்பு அடிபட்டிருக்கலாம். பழைய காரில் இதைத்தான் நான் மிக முக்கியமாகப் பார்ப்பேன். காரணம் தெரியாமல் பவர் ஸ்டீயரிங் மோட்டாரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். அப்புறம், திருப்பும்போது 'டக்' சத்தமோ தளர்வோ இருந்தால், சரிபார்க்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.