தொப்பைக் கொழுப்பும் முதுமையின் அழற்சியும்: கேள்வி பதில்

கொழுப்புத் திசுவில் வேலை செய்யும் நொதிகளைப் பற்றி மட்டும் கேளுங்கள், உணவுப் பட்டியல் என்னிடம் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தேன். பாதிப் பேர் உணவுப் பட்டியல்தான் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): சேர்ந்த கொழுப்பை உடல் எப்படிக் கரைக்கிறது? வயதானால் ஏன் கரைவதில்லை?

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். கொழுப்பு என்பது ஒரு கிளிசரால் மூலக்கூறோடு கோத்த மூன்று கொழுப்பு அமிலங்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்ற லைபேஸ் (கொழுப்பைப் பிரிக்கும் நொதி) வகையைச் சேர்ந்த மூன்று நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன: ஏடிஜிஎல், எச்எஸ்எல், எம்ஜிஎல். நெடுங்காலம் எச்எஸ்எல்தான் தொடக்கி வைக்கிறது என்று நம்பினார்கள். அது இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோதும் கொழுப்பு கரைந்தது. பாதி கழற்றிய சரக்குதான் தேங்கியது. அப்படியென்றால் முதல் வெட்டை வேறு யாரோ போடுகிறார்கள். அந்த ஏடிஜிஎல்லை 2004இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ருடால்ஃப் செக்னரின் குழு விவரித்தது. அதே ஆண்டில் வேறு குழுக்களும் கண்டன. உருளைக்கிழங்கில் இருக்கும் பட்டாட்டின் என்ற புரதத்துக்கு இது தூரத்துச் சொந்தம். எனக்குப் பிடித்த தகவல், அதனால் சொல்கிறேன்.

இந்த நொதிகளுக்கு உத்தரவு நரம்பு நுனியிலிருந்து வரும் நார்அட்ரீனலின் என்ற வேதித் தூது. கடிவாளம் இன்சுலின். வயதான எலிகளின் வயிற்றுக் கொழுப்பில் உத்தரவு போய்ச் சேருவதில்லை. நரம்பை ஒட்டிக் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் நார்அட்ரீனலினை விழுங்கி, எம்ஏஓ-ஏ என்ற நொதியால் அழித்துவிடுகின்றன. அவற்றை அப்படி ஆக்குவது, அழற்சியை, அதாவது உடலின் தற்காப்பு வீக்கத்தை, மூட்டிவிடும் என்எல்ஆர்பி3 என்ற கருவி. யேல் பல்கலைக்கழகத்தில் விஷ்வ தீப் தீட்சித்தின் குழு இதை 2017இல் காட்டியது. அந்தக் கருவியை நீக்கினாலோ எம்ஏஓ-ஏயைத் தடுத்தாலோ கிழட்டு எலியிலும் கொழுப்பு மறுபடி கரைந்தது. எலி மனிதன் அல்ல. இதை இன்னும் சில தடவை சொல்வேன்.

கேள்வி: லைபேஸ் மாத்திரை விழுங்கினால் தொப்பை குறையுமா?

பதில்: குறையாது. அது குடலில் உணவுக் கொழுப்பைச் செரிக்க உதவுவது. தொப்பைக்குப் போய்ச் சேராது.

கேள்வி: எம்ஏஓவைத் தடுக்கும் மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றனவே, முதியவர்களுக்குக் கொடுத்தால் என்ன?

பதில்: வேண்டாம். பழைய வகை எம்ஏஓ தடுப்பு மருந்தோடு நாள்பட்ட பாலாடைக்கட்டி போன்ற டைரமின் மிகுந்த உணவைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம். எலி மனிதன் அல்ல.

கேள்வி (மருத்துவ மாணவி): நாங்கள் படிப்பது தலைகீழ். கொழுப்பு அமிலங்கள் அதிகமாகக் கசிவதால்தான் அழற்சி. நீங்களோ கரையாததைக் குறை சொல்கிறீர்கள்.

பதில்: இரண்டும் உண்மை. மூடினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும், முழுதாகத் திறந்தாலும் நூலாகத்தான் வரும். அப்படி ஒரு குழாயை நீங்கள் பார்த்ததில்லையா? பருமனான உடலில் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம், கொழுப்புத் துளியைப் போர்த்திக் காக்கும் பெரிலிபினைக் குறைக்கிறது, சொட்டு அதிகமாகிறது. முதுமையில் பழுதாவது திறப்பு.

கேள்வி (அதே மாணவி): ஆனால் 2010இல் வந்த ஆய்வில், பருமனான எலிகளின் உணவைக் குறைத்ததும் கொழுப்பில் மேக்ரோஃபேஜ்கள் பெருகின. ஏடிஜிஎல் குறைந்த இடத்தில் அவையும் குறைவு. நொதிதானே குற்றவாளி?

பதில்: படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் பெருகியது முதல் சில நாட்கள்தான், பிறகு இறங்கிவிட்டது. வெளியேறிய கொழுப்பை அள்ள வந்தவை அவை. திருவிழா முடிந்த தெருவில் துப்புரவுப் பணியாளர்கள் கூடினால் அதைக் கலவரம் என்று எழுதுவீர்களா? அணுக்களின் தலையை எண்ணினால் போதாது, அவை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். இன்னொன்று: எலிகளில் அழற்சியைத் தணிக்கும் ஃபாஃபா என்ற கொழுப்புகள் 2014இல் தெரியவந்தன. அவற்றைக் கட்டுவதும் ஏடிஜிஎல்தான் என்று 2022இல் கண்டார்கள். வெட்டும் கையே கட்டவும் செய்கிறது.

கேள்வி (அதே மாணவி): எல்லாம் எலி. மனிதரில் சான்று?

பதில்: என் ஆயுதத்தாலேயே என்னைக் குத்துகிறீர்கள். இருக்கிறது. அமெரிக்காவின் ஆமிஷ் சமூகத்தில் எச்எஸ்எல் மரபணு பழுதான சிலரைப் பற்றி 2014இல் எழுதினார்கள். அவர்களுக்குக் கொழுப்பு சரியாகக் கரையவில்லை. உங்கள் கணக்குப்படி அழற்சி குறைந்திருக்க வேண்டும். கொழுப்புத் திசுவில் அழற்சி இருந்தது. இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்காத நிலை) நீரிழிவும் வந்திருந்தன. இது பிறவிப் பழுது, முதுமை அல்ல என்று நீங்கள் மறுக்கலாம். மறுத்தால் ஒப்புக்கொள்வேன்.

முதுமைக்குத் தனிச் சான்று சுவீடனில் கிடைத்தது. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கொழுப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து, 54 பேரின் கொழுப்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சராசரியாக 13 ஆண்டுகள் தொடர்ந்து அளந்து 2019இல் வெளியிட்டார்கள். எடை கூடியவர், குறைந்தவர் எல்லாருக்கும் வேகம் தளர்ந்தது. அதற்கேற்பச் சாப்பாட்டைக் குறைக்காதவர்களின் எடை சராசரியாக 20 சதவீதம் ஏறியது. அழற்சியை அதில் அளக்கவில்லை. அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: மீன் எண்ணெய் எவ்வளவு எடுக்கலாம்?

பதில்: உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

கேள்வி: இரத்தப் பரிசோதனையில் லைபேஸ் சரியாக இருக்கிறது. அப்படியானால் என் கொழுப்பு நன்றாகக் கரைகிறதா?

பதில்: அது கணையத்தின் லைபேஸ். கணைய வீக்கம் கண்டுபிடிக்கப் பார்ப்பது. தொப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கேள்வி: நடந்தால் இந்த நொதிகள் வேலை செய்யுமா?

பதில்: செய்யும். நடக்கும்போது நார்அட்ரீனலின் ஏறும், இன்சுலின் இறங்கும்.

கேள்வி: லைபேஸ் மாத்திரை எந்த நிறுவனத்தினுடையது நல்லது?

பதில்: மேலே பதில் இருக்கிறது. உருளைக்கிழங்கைப் பற்றிக் கேட்டிருந்தாலாவது ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.