கடல் மோட்டரை கண்மாய்ல இறக்குனா: ஒரு தம்பி கேட்டதும் நான் சொன்னதும்

தேவகோட்டைப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. "அண்ணே, நானும் மச்சானும் ஒரு பெரிய கண்மாய்ல மீன் குத்தகை எடுத்திருக்கோம், 14 அடி ஃபைபர் போட் இருக்கு, தொண்டியில செகண்ட் ஹேண்ட்ல 9.9 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதான் போட்டுக்குப் பின்னாடி வெளிய மாட்டுற மோட்டர், ஒண்ணு வாங்கிப் போட்டோம், முறுக்குனா அணியம், அதான் முன்மூக்கு, வானத்தைப் பாக்குது, பின்னாடி தண்ணி வாரி அடிக்குது, கட்டையில ஒரு தடவை இடிச்சதுல இருந்து சத்தம் மட்டும் வருது வேகம் வரல, மெதுவா ஓட்டி லூர் (பொய் இரை) கட்டி இழுத்துப் பாப்போம்னா இருபது நிமிஷத்துல ஆஃப் ஆயிடுது. மோட்டரை மாத்திடவா?" இதான் கேள்வி, கூடவே ரெண்டு போட்டோ, மோட்டர் மாட்டுற பலகை 16 இஞ்ச்னு ஒரு குறிப்பு.

மாத்தாதீங்க தம்பி, இப்போதைக்கு காசை எடுத்து உள்ள வைங்க. போட்டோவைப் பாத்த உடனே எனக்கு விஷயம் பாதி தெரிஞ்சு போச்சு, அது லாங் ஷாஃப்ட், அதாவது கால் நீளமான மோட்டர். கடலுக்கு அதான் சரி, அலையில அமரம், அதான் போட்டோட பின்பக்கம், தூக்கும்போது புரொப்பல்லர் தண்ணிய விட்டு வெளிய வந்துரக் கூடாதுன்னு ஆழமா இருக்கணும். உங்களுக்கு கண்மாய்ல அலையா அடிக்குது?

முதல்ல ஒரு அளவு எடுங்க. மோட்டர் மாட்டுற பின்பலகையோட மேல் விளிம்புல இருந்து போட்டோட அடிவயிறு வரைக்கும் எத்தனை இஞ்ச்னு டேப் வச்சுப் பாருங்க, நீங்க 16னு எழுதியிருக்கீங்க. ஷார்ட் ஷாஃப்ட் மோட்டர் 15 இஞ்ச் பலகைக்கு, லாங் ஷாஃப்ட் 20 இஞ்ச் பலகைக்கு. அப்ப உங்க மோட்டர் நாலு இஞ்ச் கூடுதலா கீழ தொங்குது. புரொப்பல்லருக்கு மேல அகலமா தட்டு ஒண்ணு இருக்கும் பாருங்க, கேவிட்டேஷன் பிளேட்னு சொல்லுவாக, போட்டோட அடிப்பாகத்துல ஒரு நேர்ச்சட்டத்தை வச்சு பின்னாடி நீட்டிப் பிடிச்சா அந்தத் தட்டு சட்டத்துக்கு நேரா, இல்லன்னா ஒரு இஞ்ச் கீழ இருக்கணும், அவ்வளவுதான் விதி. அதுக்கும் கீழ போனா தண்ணிக்குள்ள ஒரு தூணை இழுத்துட்டுப் போற மாதிரி, தண்ணி தூக்கி அடிக்கும், வேகம் போகும். ரொம்ப மேல போனா புரொப்பல்லர் காத்தை இழுத்துக்கிட்டு இஞ்சின் மட்டும் கத்தும், குறிப்பா திரும்பும்போது.

கண்மாய்ல இந்த நாலு இஞ்ச் சும்மா இல்ல. தட்டுக்குக் கீழ புரொப்பல்லர், அதுக்கும் கீழ துடுப்பு மாதிரி நீட்டிட்டு இருக்குறது எல்லாம் சேத்து பத்து பதினோரு இஞ்ச் இருக்கும், அதோட நாலு, போட் தண்ணியில முங்குற ஆறு இஞ்ச், மொத்தம் இருபதுக்கு மேல ஆச்சு. மாசில தண்ணி இடுப்புக்குக் கீழ இறங்குன கண்மாய்ல, பாதி இடத்துல சீமைக்கருவேல அடிக்கட்டை நிக்குறப்ப, ரெண்டடிக்கு இரும்பைத் தொங்கவிட்டுட்டுப் போனா இடிக்காம என்ன செய்யும்.

அதனால மோட்டரை மூணு, மூணரை இஞ்ச் தூக்குங்க. நம்ம ஊர்ல மரத்துக்கா பஞ்சம், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழைய சாமான் கடைகள்ல வீடு பிரிச்ச தேக்கு கிடைக்கும், ஒன்றரை இஞ்ச் தடிமன்ல நல்ல பலகையா ஒண்ணு தேடி எடுத்து, பழைய பின்பலகைக்கு வெளிப்பக்கமா அணைச்சு, மேல வேணுங்குற உயரத்துக்கு நீட்டி வச்சு, எஸ்எஸ் போல்ட் நாலு ஊடுருவிப் போட்டு ஓட்டையெல்லாம் சீலன்ட் வச்சு அடைச்சுடுங்க. பலகை வாங்கப் போறதுக்கு முன்னாடி மோட்டர் கிளாம்ப் எவ்வளவு விரியும்னு அளந்துட்டுப் போங்க, அதோட உள்கால் பழைய பலகையில முட்டாம உக்காருதான்னும் பாத்துக்கோங்க. பலகைக்கு மேல சும்மா ஒரு கட்டைய வச்சு கிளாம்பை முறுக்குறது மட்டும் வேணாம், நான் பாத்திருக்கேன், நடுக்கண்மாய்ல கட்டையும் மோட்டரும் சேந்து தண்ணிக்குள்ள போயி ரெண்டு நாள் முங்கித் தேடுனாக. எப்படி மாட்டுனாலும் மோட்டர் கழுத்துல ஒரு கயிறு கட்டி போட்டோட வளையத்துல முடிஞ்சு வைங்க.

அணியம் தூக்குறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, மோட்டர் சாயுற கோணம். கிளாம்புக்குக் கீழ ஒரு கம்பி குறுக்க போகும், அதுக்கு நாலஞ்சு ஓட்டை இருக்கும், கம்பியை போட்டுக்கு நெருக்கமான ஓட்டைக்கு ஒண்ணு மாத்துங்க, அணியம் இறங்கும். அளவுக்கு மீறி உள்ள தள்ளுனா மூக்கு தண்ணியில குத்தி ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், அதனால ஒவ்வொரு ஓட்டையா மாத்திப் பாருங்க. ரெண்டாவது, பாரம். நீங்க, பெட்ரோல் டேங்க், ஐஸ் பெட்டி, வலை மூட்டை எல்லாமே அமரத்துல, மச்சான் மட்டும் நடுவுல, பின்ன மூக்கு மேல போகாம? டேங்க்கை நடுவுக்குக் கொண்டு போங்க, ஐஸ் பெட்டிய அணியத்துல வைங்க. ஹேண்டில்ல ஒரு பிவிசி பைப்பை இறுக்கமா சொருகி ஹோஸ் கிளிப் போட்டுட்டா நீங்களே ரெண்டடி முன்னாடி வந்து உக்காந்து ஓட்டலாம், பத்துப் பைசா செலவில்லாத வைத்தியம். பைப் போட்டா கையில மாட்டுற ரெட் கலர் கயிறு, ஆளு விழுந்தா இஞ்சினை நிப்பாட்டுறது, எட்டுதான்னு பாத்துக்கோங்க. அந்தக் கயிறை யாரும் மாட்டுறதில்ல, கண்மாய்தானேன்னு. நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு நாள் கட்டையில தட்டி நான் வெளிய போயி விழுந்தேன், ஆளில்லாத போட்டு என்னையே சுத்திச் சுத்தி வந்துச்சு தம்பி, மார்பளவு தண்ணிதான், ஆனா காத்தாடி மாதிரி சுத்துற இரும்பு பக்கத்துல வரும்போது ஆழமா முக்கியம். அன்னையில இருந்து கயிறு இல்லாம இஞ்சினை இழுக்குறதில்ல.

இடிச்சதுக்கு அப்புறம் சத்தம் மட்டும் வருதுன்னீங்கல்ல, அது இஞ்சின் கோளாறா இருக்க வாய்ப்பு கம்மி. புரொப்பல்லருக்கு உள்ள ஒரு ரப்பர் புஷ் இருக்கு, அடி விழுந்தா கியர் உடையக் கூடாதுன்னு அது வழுக்கிக் கொடுக்கும், வழுக்குனது வழுக்குனதுதான், அப்புறம் மெதுவா போனா இழுக்கும், முறுக்குனா நழுவும். எப்படி உறுதி பண்றதுன்னா, புரொப்பல்லரைக் கழட்டி உள் குழாய்ல இருந்து வெளி உருளை வரைக்கும் பெர்மனென்ட் மார்க்கர்ல நேரா ஒரு கோடு போடுங்க, திரும்ப மாட்டி பத்து நிமிஷம் நல்லா முறுக்கி ஓட்டிட்டு வந்து கழட்டிப் பாருங்க, கோடு ரெண்டா பிரிஞ்சு தள்ளி நின்னா புஷ் போச்சு. புதுசு வாங்குறப்ப பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னாடி தள்ளுற தூரம்) ஒரு இஞ்ச் கம்மியா வாங்குங்க, ரெண்டு ஆளு, வலை, ஐஸ்னு பாரம் ஏத்துற போட்டுக்கு அதான் இழுக்கும், மெதுவா போறதுக்கும் அதுவே நல்லது.

இப்ப அந்த ஆஃப் ஆகுற கதை. நான் கேக்குற முதல் கேள்வி, அது மண்ணெண்ணெய் மோட்டரா? கரையோரத்துல மீனவர்களுக்கு மானிய மண்ணெண்ணெய் கிடைக்குது, அதனால அங்க ஓடுற சின்ன மோட்டர்ல கணிசமானது பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்துற ரகம். நிறைய கம்பெனி மாடல் பேர்ல 'கே'ன்னு ஒரு எழுத்து சேத்திருப்பாக, பிளேட்டைத் துடைச்சுப் படிச்சுப் பாருங்க. அந்த ரகம் முறுக்கி ஓட்டத்தான் லாயக்கு, மெதுவா ஓடுனா மண்ணெண்ணெய் சரியா எரியாம பிளக்குல கரி பிடிச்சு நின்னுடும். லூர் இழுக்குற நேரம் பூரா பெட்ரோல்லயே வைங்க, நிப்பாட்டும்போதும் பெட்ரோல்ல ஓட்டித்தான் நிப்பாட்டணும்.

அது பெட்ரோல் மோட்டர்தான்னா ஆயில் கணக்கைப் பாருங்க. பெரும்பாலான டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு 50:1, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி, அஞ்சு லிட்டருக்கு 100 மில்லி. நம்மாளுக மூடியால ஊத்தி, இன்னும் கொஞ்சம் ஊத்துனா இஞ்சினுக்கு நல்லதுன்னு இன்னொரு மூடி ஊத்துவாக, அந்த நல்லதுதான் பிளக்கை அடைக்குது. பிளக்கைக் கழட்டுனா முனை காய்ஞ்ச டீத்தூள் கலர்ல இருந்தா சரி, கருகருன்னு ஈரமா எண்ணெய் வழிஞ்சா கலவை ஜாஸ்தி. பைக்குக்கு ஊத்துற 2டி ஆயிலும் வேணாம், அது காத்துல குளுர்ற இஞ்சினுக்கு, அவுட்போர்டு தண்ணியில குளுர்றது, டப்பாவுல டிசி-டபிள்யூ3னு போட்டிருக்குறதைக் கேட்டு வாங்குங்க. கணக்கு சரியா இருந்தும் லூர் இழுக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தூண்டிலை உள்ள இழுத்துட்டு ஒரு நிமிஷம் நல்லா முறுக்கி ஓட்டி கரியைத் துப்ப விடணும், டூ ஸ்ட்ரோக்னா அந்த அடம் இருக்கும்.

பின்னாடி ஒன்னுக்குப் போற மாதிரி ஒரு தண்ணி பீச்சும்ல, அதுல ஒரு கண் இருக்கட்டும். வேலம்பாசி போயி கீழ தண்ணி உறிஞ்சுற ஓட்டைய மூடிருச்சுன்னா பீச்சுறது மெலிஞ்சு நின்னுடும், உடனே ஆஃப் பண்ணி, தூக்கி, பாசியப் பறிச்சுட்டு ஓட்டுங்க. கரையில வச்சு தண்ணி இல்லாம "சும்மா ஒரு தடவை" ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறதும் கூடாது, உள்ள தண்ணி இழுக்குற ரப்பர் இம்பெல்லர் சில செகண்ட்லயே தேஞ்சு கருகிடும்.

லூர் இழுக்குறதுக்கு வருவோம். இதுல உங்களுக்குப் பிடிக்காத ஒண்ணைச் சொல்றேன். நீங்க குஞ்சு விட்டு வளக்குறது கட்லா, ரோகு, மிர்கால். அதெல்லாம் லூரைத் துரத்தாது. கட்லா மேல்தண்ணியில நுண்ணுயிர் வடிகட்டித் திங்குறது, மிர்கால் அடியில சேறு கிளர்றது. லூருக்கு வர்றது விரால், வாளை, சில நேரம் கெளுத்தி. விராலும் நடுத்தண்ணியில சுத்துற ஜாதி இல்ல, தாமரை இலை ஓரம், கோரை ஓரம் பதுங்கிக் கிடக்கும், அதுக்கு மோட்டரை ஆஃப் பண்ணிட்டு தவளை லூரை வீசி இழுக்குறதுதான் வேலை. இழுத்துப் பாக்கணும்னா கரையை ஒட்டுன பள்ளத்துல இழுங்க, கரை போட மண் எடுத்த இடம், கண்மாய்லயே ஆழம் அங்கதான், மடைப் பக்கம் இன்னும் ஆழம். கரைக்கு இணையா இருபது மீட்டர் தள்ளி ஒரு நடை போயிட்டு வாங்க. மடை திறந்திருக்குற நாள்ல கிட்டப் போக வேணாம்.

வேகம் மணிக்கு ரெண்டுல இருந்து நாலு கிலோமீட்டர், ஆளு நடக்குற வேகத்துக்கும் கீழ. போன்ல ஜிபிஎஸ் வேகம் காட்டுற ஆப் ஒண்ணு போதும். உங்க 9.9 கியர்ல போட்டு ஐடிலிங்ல விட்டாலே பெரும்பாலும் நாலைத் தாண்டும், அதுக்காக ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி இன்னும் குறைக்கப் பாக்காதீங்க, அங்கதான் அது செத்துப் போகுது. இஞ்சினை விட்டுட்டு போட்டைப் பிடிச்சு நிறுத்துங்க. ரெண்டு பிளாஸ்டிக் வாளி, அணியத்துப் பக்கம் ரெண்டு புறமும் கயிறு கட்டி தண்ணியில விடுங்க, வாளி நடுப்போட்டுக்கு நேரா இழுபடும், வேகம் பாதியா இறங்கும். கயிறு எந்தக் காரணத்தைக் கொண்டும் புரொப்பல்லர் வரைக்கும் எட்டக் கூடாது, ரிவர்ஸ் போடுறதுக்கு முன்னாடி வாளி மேல வந்திருக்கணும்.

லைனை இருபது முப்பது மீட்டர் பின்னாடி விடுங்க. ராடை ஸ்டாண்டுல சொருகிட்டு பேசிட்டு இருக்காம லைனை ரெண்டு விரல்ல லேசா பிடிச்சுப் பாருங்க, லூர் நீந்துறது விரல்ல கொசு பறக்குற மாதிரி துடிக்கும், துடிப்பு நின்னு கனமா இருந்தா பாசி மாட்டியிருக்கு, எடுத்துச் சுத்தம் பண்ணணும். நேர்கோட்டுல போகாம பாம்பு மாதிரி வளைஞ்சு போங்க. வளையும்போது வெளிப்பக்க லூர் வேகமாகும், உள்பக்கத்துது மெதுவாகி இறங்கும், எந்தப் பக்கம் கடிச்சுச்சோ அதை வச்சு வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். உங்க வலை எங்க கட்டியிருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியட்டும், மச்சான் கட்டுன வலையில நீங்க மாட்டிக்கிட்டு வீட்ல பஞ்சாயத்து வேணாம்.

ஒரு தடவை லைன் புரொப்பல்லர்ல சுத்துச்சுன்னா கழட்டி, வாஷருக்குப் பின்னாடி இருக்குற கடைசி நூல் வரைக்கும் எடுத்துடுங்க. மிச்சம் இருந்தா அது ஆயில் சீலை அறுக்கும், தண்ணி உள்ள போகும், கியர் ஆயில் பால் விட்ட காபி கலருக்கு வந்துடும். உங்க மோட்டர் கடல்ல ஓடுனது, இப்பவே கீழ் ஸ்க்ரூவை லேசா தளத்தி ரெண்டு சொட்டு விட்டுப் பாத்துடுங்க, வெளுப்பா வந்தா சீல் மாத்தாம ஓட்ட வேணாம்.

பின்னாடி காசு சேந்தா 12 வோல்ட் எலக்ட்ரிக் டிரோலிங் மோட்டர் ஒண்ணு அணியத்துல போடுங்க, லூருக்கு அதான் தோது. 55 பவுண்ட் இழுவை உள்ளது ஃபுல்லா ஓடுனா 50 ஆம்பியர் கிட்ட குடிக்கும், 100 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்குக் கீழ இறக்கக் கூடாதுங்கறதால ஃபுல் வேகத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல கணக்குப் போடாதீங்க, லூர் வேகத்துல அதைவிட நல்லாவே தாங்கும். சத்தமும் இல்ல, எண்ணெய்ப் படலமும் இல்ல. ஊருணியில எந்த மோட்டரும் வேணாம், அது குடிக்குற தண்ணி, உங்களுக்கே தெரியும். வேட்டங்குடி மாதிரி பறவை வர்ற கண்மாய் பக்கமும் போகாதீங்க, கொள்ளுக்குடிப்பட்டி ஆளுக பறவைக்காக தீபாவளிக்கே வெடி போடாம இருக்காக, நாம போயி டூ ஸ்ட்ரோக்கை முறுக்குனா நல்லாவா இருக்கும்.

கண்மாய் வத்துனதும் மோட்டர் ஐப்பசி வரைக்கும் சும்மாதான் கிடக்கும். இப்ப பங்க் பெட்ரோல்ல 20% வரைக்கும் எத்தனால் வருது, அது ஈரத்தை இழுத்து அடியில தனியா தங்கிரும், அதனால டேங்க்கைக் காலி பண்ணுங்க, பெட்ரோல் பைப்பைப் புடுங்கிட்டு இஞ்சின் தானா நிக்குற வரைக்கும் டிரம் தண்ணியில ஓட்டி கார்ப்பரேட்டரையும் காய விடுங்க. பிளக் ஓட்டையில கொஞ்சம் ஆயில் விட்டு கயிறை ரெண்டு தடவை மெதுவா இழுத்துட்டு, மோட்டரை நிமித்தியே ஸ்டாண்டுல வைங்க, படுக்கப் போட்டா புரொப்பல்லர் பக்கம் மேல போற மாதிரி போடாதீங்க, மிச்சத் தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கிரும். பலகை மாத்துனதும் அந்த நேர்ச்சட்டத்தை வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு கம்பியை எந்த ஓட்டையில போடலாம்னு சொல்றேன்.