கிராண்ட் ஜூரி அறைக்குத் தனியாகப் போகாதீர்கள், தம்பி

தம்பி, நியூ ஜெர்சிக்கு வந்த ஏழாவது மாதமே, முதலாளியின் சம்பளக் கணக்கு பற்றி ஃபெடரல் கிராண்ட் ஜூரி முன், அதாவது ஒருவர் மேல் குற்றம் சாட்டி வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு முன், சாட்சி சொல்லச் சம்மன் வந்திருக்கிறது. அரசு வழக்கறிஞர் போனில் அன்பாகப் பேசினார், வக்கீல் அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம். கார், வாடகை வீடு பற்றியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2003இல் எனக்கும் இப்படி ஒரு சம்மன் வந்தது. "வக்கீல் வைத்தால் குற்றவாளி என்றுதான் நினைப்பார்கள்" என்றார் இங்கே பல வருடம் இருந்த நம் ஊர்க்காரர் ஒருவர். சட்டம் தெரியாமல் அறிவுரை சொல்லும் இந்தப் பழக்கம் நம்மவர்களை இன்னும் விடவில்லை. நம்பிப் போனேன்.

அந்த அறையில் நீதிபதி கிடையாது. 16 முதல் 23 ஜூரர்கள். அவர்களில் 12 பேர் சம்மதித்தால் முறையான குற்றச்சாட்டு பதிவாகிவிடும். எதைக் காட்டுவது என்பதை அரசு வழக்கறிஞரே முடிவு செய்கிறார். விசாரிக்கப்படுபவருக்குச் சாதகமான ஆதாரத்தைக் காட்டும் சட்டக் கடமை அவருக்கு இல்லை என்று 1992இல், வில்லியம்ஸ் வழக்கில், உச்ச நீதிமன்றமே 5–4 என்று தீர்ப்பளித்தது. முக்கியமான ஆதாரமென்றால் காட்டுங்கள் என்கிறது நீதி அமைச்சகத்தின் கையேடு. ஆனால் காட்டாவிட்டாலும் வழக்கு நிற்கும். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

"இந்தச் சம்பளச் சீட்டுகள் பொய் என்று உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்றார் அந்த வழக்கறிஞர். கேள்வி புரிந்தது என்ற பொருளில், நம் வழக்கப்படி தலையை அசைத்தேன். "ஆம் என்று பதிவு செய்துகொள்ளலாமா?" என்றார் உடனே. பதற்றத்தில் வாய் "ஆம்" என்றுவிட்டது. சுருக்கெழுத்துக்காரரின் விரல்கள் நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் வக்கீலும் உள்ளே வர முடியாது; வாசலில் இருப்பார். வெளியே போய் அவரைக் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்லலாம். உங்களையே சிக்கவைக்கும் கேள்விக்கு, அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தத்தின்படி பதில் மறுக்கலாம். விசாக்காரர்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் பொய் மட்டும் சொல்லக் கூடாது. கம்பெனி அனுப்பும் வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல், அவரை நம்பாதீர்கள். நீங்கள் வெறும் சாட்சியா, விசாரணையின் இலக்கா என்பதை உங்கள் வக்கீல் முன்கூட்டியே கேட்டுவிடட்டும்.

அடுத்த மாதம் மறுபடி அழைத்தார்கள். தவணையில் பணம் கட்டி அமர்த்திய வக்கீல் நடைபாதை பெஞ்சில் இருந்தார். மூன்று முறை எழுந்து போய் வந்தேன். அரசு வழக்கறிஞர் முகம் சுளித்தார். முன்வரிசையில் ஒரு மூதாட்டி மட்டும் பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அவரைப் பார்த்தே சொன்னேன்: "சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பொய் என்று எனக்குத் தெரியாது."