முதல் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்க அறையில் மாலை நேரத்தில் இலவசமாக ஆங்கிலப் பேச்சு வகுப்பு தொடங்கியிருக்கிறேன். இல்லத்தரசிகள், தையல் வேலை செய்பவர்கள், படிப்பு முடித்து வேலை தேடும் இளைஞர்கள் எனப் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் மூன்று பேர் வரவில்லை. வந்தவர்களும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட மூவரும் ஆங்கிலத்துக்கு அஞ்சியதைவிட, தம்மைப் பார்த்துக்கொண்டிருந்த பதின்மூன்று முகங்களுக்கு அஞ்சியிருக்கவே வாய்ப்பு அதிகம். பள்ளியில் எழுந்து ஒப்பித்தபோது எழுந்த சிரிப்பு நாற்பது வயதிலும் காதில் கேட்கும். மனத்தில் பதற்றம் மிகுந்திருந்தால் காதில் விழும் மொழி உள்ளே இறங்காது என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980-களில் விரிவாக எழுதினார். புதிதாகக் கற்பவர் சில காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு என்பதும் அவர் வலியுறுத்தியதே. அவருடைய கொள்கைகளில் சிலவற்றைப் பிற அறிஞர்கள் மறுத்திருந்தாலும், இந்த இரண்டையும் வகுப்பெடுப்பவர் எவரும் கண்ணெதிரே காண்கிறார்.

எனவே அடுத்த வகுப்பில் அனைவரையும் இருவர் இருவராக உட்காரவையுங்கள். 'வாட் இஸ் யுவர் நேம்', 'வேர் டு யூ லிவ்', 'ஹவ் டு யூ கம் ஹியர்' என்ற மூன்று கேள்விகளையும், அவற்றுக்கான விடையின் தொடக்கத்தையும் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்காமல் விடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டறிந்ததை, உட்கார்ந்தபடியே இன்னொரு ஜோடிக்குச் சொல்லட்டும். தன்னைப் பற்றிப் பேசக் கூசுகிறவர்கூட அடுத்தவரைப் பற்றி ஓரிரு வாக்கியம் சொல்லிவிடுவார்.

அப்போது பிழைகள் வரும். 'என் பெயர் செல்வி' என்னும் தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லாததால் 'மை நேம் செல்வி' என்பார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லிப் பழகிய நாக்கு 'ஹீ'யையும் 'ஷீ'யையும் மாற்றிப் போடும். முதல் வாரத்தில் இவற்றைத் திருத்தாதீர்கள். நீங்கள் பதில் சொல்லும்போது சரியான வடிவத்தை இயல்பாகச் சொன்னால் போதும்.

கேள்விகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். சொந்த ஊர், அப்பாவின் தொழில், திருமணம் ஆயிற்றா என்பவை நம்மிடையே சாதாரண விசாரிப்புகள்தாம்; ஆனால் அறிமுகமில்லாதவர்கள் கூடிய அறையில் அவை சாதியையோ குடும்பச் சிக்கலையோ துருவுவதாகத் தோன்றும். கணவர் பெயரைச் சொல்லத் தயங்கும் மூத்த பெண்களும் இருக்கிறார்கள். பேருந்து எண், கிளம்பிய நேரம், காபியா டீயா என்பவற்றில் தொடங்குங்கள். ஆங்கிலம் தெரியாது என்று சொல்லும் கீரைக்கார அம்மாவும் கைபேசி எண்ணை 'நைன் எய்ட் ஃபோர்' என்றுதானே சொல்கிறார்! சென்னைவாசியிடம் எண்கள் ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருக்கின்றன.

அடையாறில் நான் பார்த்த ஒரு வகுப்பில் இரண்டு நாள் வாய் திறக்காத ஒரு பெண்மணி, பக்கத்தில் இருந்தவர் 29சி பேருந்தில் வந்ததாகச் சொன்னதும், "மீ டூ! ட்வென்டி நைன் சி! நோ சீட்!" என்றார். அந்த நெரிசலை அறிந்த வகுப்பு முழுவதும் அவரோடு சேர்ந்து சிரித்தது. மறுநாள் அந்த இருவரும் பேசிக்கொண்டே படியேறி வந்தார்கள்.

வராத மூவரையும் தொலைபேசியில் அழையுங்கள், தமிழிலேயே பேசுங்கள். இனி எழுந்து நிற்கவேண்டியதில்லை என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம் என்று உண்டியல் வைத்திருக்கிறேன். இது சரியா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: புதியவர்கள் மத்தியில் அது வாயைத்தான் பூட்டும். வந்த முதல் சில நாட்கள் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் பேசித்தான் பழக்கம் பிடிப்பார்கள். பழக்கமான ஆளிடம்தான் பிழையான ஆங்கிலத்தையும் கூச்சமின்றிப் பேச வரும். உண்டியலைத் திறந்து, சேர்ந்த காசில் எல்லாருக்கும் டீ வாங்குங்கள். யாருக்குச் சர்க்கரை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற கணக்கை மட்டும் ஒருவரையொருவர் ஆங்கிலத்தில் கேட்டு அவர்களே எடுக்கட்டும்.