மருந்தைக் கூட்டினால் குண்டு தூரம் போய்விடுமா?

கேள்வி இதுதான்: "நெடுந்தூரத்தில் துல்லியமாகப் போய்ச் சேரும்படி ரைஃபிள் தோட்டாவை எப்படி வடிவமைக்கிறார்கள்? உள்ளே மருந்தைக் கூடுதலாக வைத்தால் போதாதா?" கேட்டவர் பொறியியல் படிக்கும் தம்பி.

நான் காரைக்குடியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். கூடவே என்.சி.சி. மாணவர்களைச் சுடும் பயிற்சிக்கும் அழைத்துப் போகிறேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு மைதானத்தில் மணல் மூட்டையில் போய்க் குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டா என்பது பித்தளைக் கூடு, பின்னால் இருக்கும் பற்றவைக்கும் மூடி, மருந்து, முன்னால் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும்தான். குழாயின் வாயைத் தாண்டியதும் மருந்தின் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் குண்டு கையில் கொண்டுபோகும் வேகத்தை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்பதே நெடுந்தூரத்தின் முழுக் கதையும்.

அந்த வேகத்தைத் தின்பது காற்று. எவ்வளவு தின்கிறது தெரியுமா? 7.62 மி.மீ. ரைஃபிளில் நெடுந்தூரத்துக்கென்று செய்யப்பட்ட 11.3 கிராம் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விநாடிக்குச் சுமார் 790 மீட்டரில் கிளம்புகிறது. முதல் 90 மீட்டருக்குள்ளேயே ஏறக்குறைய 55 மீட்டர் வேகத்தை இழந்துவிடுகிறது. கணக்குப் போட்டால், காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும் விசை அந்தக் குண்டின் எடையைப் போல 40 மடங்குக்கும் மேல் வரும். பாடப்புத்தகத்தில் "காற்றின் தடையைப் புறக்கணிக்க" என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுகிறோமே, அந்தத் தடை இது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742-லேயே ஊசல் ஒன்றில் குண்டைச் சுட்டு வேகத்தை அளந்து, காற்றின் எதிர்ப்பு எல்லோரும் நினைத்ததைவிடப் பல மடங்கு பெரியது என்று காட்டிவிட்டார். அதுவரை பீரங்கிக் குண்டு அழகான பரவளையத்தில் போகிறது என்றே பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். கூட்டினால் தொடக்க வேகம் கூடும், ஓரளவு பலனும் கிடைக்கும். ஆனால் வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் எகிறும். 7.62 தோட்டா வெடிக்கும்போது கூட்டுக்குள் இருக்கும் அழுத்தம் ஏற்கெனவே வளிமண்டலத்தைப் போலச் சுமார் 4,000 மடங்கு. அதற்கு மேல் ஏற்ற உலோகம் இடம் கொடுக்காது.

இதில் எனக்கு மிகப் பிடித்த சான்று எங்கள் மாணவர்கள் சுடும் சாதாரண .22 (குறுக்களவு சுமார் 0.22 அங்குலம்) தோட்டாதான். அதன் ஈயக் குண்டு வெறும் 2.6 கிராம். இதில் இரண்டு வகை உண்டு. போட்டிக்கான வகை விநாடிக்கு 330 மீட்டரை ஒட்டிக் கிளம்பும், ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவாக. அதிவேக வகை 380 மீட்டரை ஒட்டிக் கிளம்பும். பக்கவாட்டுக் காற்று அடித்தால் எது அதிகம் விலகும்? வேகமாகப் போவது சீக்கிரம் போய்ச் சேரும், ஆகவே குறைவாக விலகும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. அதிவேகக் குண்டுதான் கூடுதலாக விலகுகிறது. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் சுடுபவர்கள் எல்லோரும் மெதுவான வகையையே பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் இப்படி? காற்று குண்டை ஒதுக்குவது பறக்கும் நேரத்தைப் பொறுத்தது அல்ல, தாமதத்தைப் பொறுத்தது. வெற்றிடமாக இருந்திருந்தால் எத்தனை விநாடியில் போயிருக்கும், இப்போது எத்தனை விநாடி ஆகிறது? இந்த வித்தியாசத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும். மேலே சொன்ன 790 மீட்டர் குண்டையே பாருங்கள். சுமார் 900 மீட்டரைக் கடக்க வெற்றிடத்தில் 1.15 விநாடி போதும், நிஜத்தில் 1.7 விநாடியை ஒட்டி ஆகிறது. அரை விநாடிக்குச் சற்று மேல் தாமதம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் சுமாரான காற்று அதை 2 மீட்டருக்கு மேல் ஒதுக்கிவிடும். அம்மியே பறக்கும் என்று சொல்கிற ஆடிக் காற்றில் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். .22 அதிவேகக் குண்டு கிளம்பியதும் ஒலியின் வேகத்தை ஒட்டிய, தடை மிக அதிகமான பகுதிக்குள் மாட்டிக்கொள்கிறது. கூடுதலாகக் கொடுத்த வேகத்தை உடனே இழக்கிறது, தாமதம் ஏறுகிறது.

ஆகவே வடிவமைப்பவரின் வேலை தாமதத்தைக் குறைப்பது. அதற்குக் குண்டின் உருவமும், அதன் குறுக்களவுக்கு ஏற்ற எடையும்தான் கைகொடுக்கின்றன.

உருவத்தைப் பேச நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் த்ரீ நாட் த்ரீ ரைஃபிளே போதும். போலீஸ்காரர் தோளில் பல காலம் தொங்கியது அதுதான். அதன் பழைய குண்டு 13.9 கிராம், முன்பக்கம் மழுங்கி உருண்டு இருக்கும், கிளம்பும் வேகம் விநாடிக்குச் சுமார் 628 மீட்டர். 1910-இல் வந்த ஏழாம் மாடல் குண்டு 11.3 கிராம், கூர்மூக்கு, 744 மீட்டர். ஒலியை மிஞ்சிப் பறக்கும் எதற்கும் முன்னால் ஓர் அதிர்வலை நிற்கும். மாக், சால்ஷர் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 1886-இலேயே அதைப் புகைப்படமாக எடுத்துவிட்டார்கள். மழுங்கிய மூக்கின் முன்னால் அந்த அலை அகலமாக, செங்குத்தாக நிற்கும். கூர்மூக்கில் அது பின்னோக்கிச் சாய்ந்துவிடும், காற்றைத் தள்ளும் செலவு குறையும். இதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா எல்லாம் பிடித்துக்கொண்டன. பிரான்ஸ் அதற்கும் முன்னால் போய்விட்டது. 1898-லேயே திடமான பித்தளையில், முன்பக்கம் கூர்மையாகவும் பின்பக்கம் படகின் பின்புறம் போல ஒடுங்கியும் இருக்கும் குண்டை அவர்கள் படைக்குக் கொடுத்தார்கள்.

அந்தப் பின்பக்கம்தான் பலர் கவனிக்காத இடம். தட்டையாக வெட்டிய அடிப்பாகத்துக்குப் பின்னால் காற்று உடனே வந்து மூடாது. அங்கே அழுத்தம் குறைந்து குண்டைப் பின்னுக்கு இழுக்கும். அடிப்பாகத்தைச் சில பாகை ஒடுக்கினால் அந்த இழுப்பு குறைகிறது. வேகம் அதிகமாக இருக்கும்வரை மூக்கின் பங்கு பெரிது. வேகம் குறையக் குறைய வாலின் பங்கு ஓங்குகிறது. அதனால் 200, 300 மீட்டரில் சுடுபவருக்கு ஒடுங்கிய வால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அமெரிக்கர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1906-இல் அவர்கள் எடுத்துக்கொண்டது தட்டையான அடியும் கூர்மூக்கும் கொண்ட 9.7 கிராம் குண்டு. அது 4,300 மீட்டர் வரை போகும் என்று கணக்குச் சொன்னது. முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கியைத் தொலைவுக்கு உயர்த்திச் சுட்டபோது 3,100 மீட்டரை ஒட்டியே விழுந்தது. போர் முடிந்ததும் உட்கார்ந்து ஆராய்ந்து, சுமார் 11 கிராம் எடையில் வாலை 9 பாகை ஒடுக்கி 1920-களில் புதுக் குண்டைக் கொண்டுவந்தார்கள். அது ஏறக்குறைய 5,000 மீட்டர் போயிற்று. தொடக்க வேகம் கூடவில்லை, கொஞ்சம் குறைந்தேதான் இருந்தது. உருவமும் எடையும் மட்டுமே கொடுத்த தூரம் அது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பழைய குண்டின் வீச்சுக்கு ஏற்ப எல்லை குறித்திருந்த சுடும் தளங்கள் பலவற்றுக்கு இந்தக் குண்டு பொருந்தவில்லை. இலக்கைத் தாண்டியதும் தளத்தின் எல்லையையும் தாண்டிவிடும் என்ற நிலை. 1930-களின் கடைசியில் அந்த நல்ல குண்டை ஓரம் வைத்துவிட்டு, பழையதைப் போன்ற தட்டை அடிக் குண்டுக்கே திரும்பினார்கள்.

இதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டையைத் தாண்டி நார்த்தாமலைப் பக்கம் பசுமலைப்பட்டியில் ஒரு சுடும் தளம் இருந்தது. 2021 டிசம்பர் 30-இல் அங்கே பயிற்சி நடந்தபோது, சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்துபோனான். 2 கிலோமீட்டர் என்பது ரைஃபிள் குண்டுக்குப் பெரிய தூரமே இல்லை, ஒடுங்கிய வால் இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கும் போகும். ஒரு குண்டின் "பயனுள்ள தூரம்" என்று பெட்டியில் போட்டிருப்பது குறிபார்த்து அடிக்கக்கூடிய தூரம். அது உயிரை எடுக்கக்கூடிய தூரம் வேறு, பல மடங்கு அதிகம். நெடுந்தூரக் குண்டைப் பற்றிப் பேசும் யாரும் இந்த இரண்டாவது எண்ணை முதலில் கேட்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எங்கள் மாணவர்கள் கையில் ரைஃபிளைத் தொடுவதற்கு முன் மண்மேட்டின் உயரத்தையும் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லவைக்கிறேன்.

எடைக்கு வருவோம். ஒரே குறுக்களவில் எடையைக் கூட்ட வேண்டுமானால் குண்டு நீள வேண்டும். உள்ளே ஈயம், மேலே செம்புக் கலவை உறை என்பதே வழக்கம். ஈயம் அடர்த்தியானது என்பதால்தான் இன்னும் அதை விட முடியவில்லை. 838 மீட்டரில் கிளம்பும் 9.5 கிராம் 7.62 குண்டையும் 790-இல் கிளம்பும் 11.3 கிராம் குண்டையும் ஒன்றாக விட்டால், சில நூறு மீட்டருக்குள் கனமானது வேகத்தில் முந்திவிடும்.

ஆனால் நீளமான குண்டு தானாக நேரே பறக்காது, குப்புற விழப் பார்க்கும். அதைச் சுழற்சிதான் தலைநிமிர வைக்கிறது. குழாயின் உட்சுவரில் திருகு வரிகள் வெட்டியிருப்பார்கள். மணல் மூட்டையிலிருந்து தோண்டி எடுத்த .22 ஈயக் குண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் பின்பக்கத்தில் அந்த வரிகளின் தடம் லேசாகச் சாய்ந்து பதிந்திருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். சாய்வு மிகச் சிறியது, கண்ணை இடுக்கினால்தான் தெரியும். ஆனால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற திருகில் 800 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது.

குண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு இறுக்கமான திருகு வேண்டும். 1879-இல் கிரீன்ஹில் என்ற கணித ஆசிரியர் இதற்கு ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால், எத்தனை தூரத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்று வரும். இன்றைக்கும் முதல் மதிப்பீட்டுக்கு அது போதும். அமெரிக்கப் படையின் எம்-16 ரைஃபிளின் தொடக்கக் காலத் திருகு 14 அங்குலத்துக்கு ஒன்று. கடுங்குளிரில் காற்று அடர்ந்தபோது குண்டு தடுமாறியதால் 12 ஆக்கினார்கள். பிறகு நீளமான, கனமான குண்டு வந்தபோது 7 வரை இறுக்கினார்கள். குண்டை மட்டும் தனியாக வடிவமைக்க முடியாது, குழாயையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அடுத்த சிக்கல், வேகம் குறைந்து ஒலியின் வேகத்துக்கு இறங்கும் இடம். மேலே சொன்ன 11.3 கிராம் குண்டு 900 மீட்டரில் 370-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நம் ஊர்க் கோடையில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர். அந்த எல்லையில் அதிர்வலைகள் குண்டின் மேல் இடம் மாறுகின்றன, அழுத்தத்தின் மையம் நகர்கிறது, அதுவரை அடங்கியிருந்த ஆட்டம் பெரிதாகலாம். ஒடுங்கிய வால் உள்ள சில குண்டுகள் இங்கேதான் கைவிடுகின்றன. ஆகவே நெடுந்தூரக் குண்டை வடிவமைப்பவர், இலக்குவரை ஒலிக்கு மேலேயே வைத்திருக்கப் பார்ப்பார்.

கடைசியாக, ஒன்றுபோலவே இருப்பது. இரண்டு தோட்டாக்களின் தொடக்க வேகம் விநாடிக்கு 10 மீட்டர் வேறுபட்டாலே 900 மீட்டரில் ஒரு சாணுக்குக் குறையாமல் மேலும் கீழும் விழும். அதனால் மருந்தின் அளவு, அது எரியும் வேகம், வெயிலிலும் குளிரிலும் ஒரே மாதிரி எரிவது, குண்டின் எடை, உறையின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருப்பது என்று எல்லாமே தொழிற்சாலையின் கட்டுப்பாட்டைப் பொறுத்தது. போட்டிக் குண்டுகளின் மூக்கு நுனியில் சின்னத் துளை இருப்பதும் இதற்காகத்தான். உறையை அடியில் மூடியும் நுனியில் திறந்தும் செய்தால் அடிப்பாகம் பிசிறில்லாமல் வரும், குழாயை விட்டுக் கிளம்பும் கணத்தில் வாயு எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும். நீலகிரியில் அரவங்காட்டில் நூறு ஆண்டுக்கு மேலாக மருந்து தயாரிக்கும் ஆலை இருக்கிறது. அந்த வேலையே தனிப் படிப்பு.

தம்பி, இதை வீட்டில் செய்து பார்க்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், அபாயமும் கூட. ஆனால் கணக்கைச் செய்து பார்க்கத் தடை ஏதுமில்லை. கணினியில் ஓர் அட்டவணையைத் திறந்து, நூறில் ஒரு விநாடி வீதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். தொடக்கத்துக்கு, தடையை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாக வைத்துக்கொள்ளலாம். 790-இல் கிளம்பியது 90 மீட்டரில் சுமார் 735-க்கு வரும்படி மாறிலியைச் சரிசெய்தால், அதற்குப் பிறகு எடை, விட்டம், வால், குறுக்குக் காற்று என்று எதை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். வரைபடம் எங்காவது புரியாமல் நின்றால் பின்னூட்டத்தில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.