பாதியில் விலகினால் இடமாற்றச் செலவை முழுதாகத் திருப்ப வேண்டுமா?

கேள்வி: புது வேலைக்காகக் குடும்பத்தோடு வேறு ஊருக்கு மாறினேன். சாமான்களை ஏற்றி இறக்கிய செலவு, பயணம், முதல் சில வாரத் தங்கும் செலவு எல்லாம் நிறுவனமே கொடுத்தது. 24 மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது 9 மாதம் முடிந்திருக்கிறது. பேசிய வேலை ஒன்று, பார்க்கிற வேலை வேறு. இன்னோர் இடத்தில் அழைப்பு வந்திருக்கிறது. முழுப் பணத்தையும் கட்ட வேண்டியிருக்குமா? கடைசிச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களா?

பதில்: ராஜினாமாக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லைதானே? அப்படியென்றால் இரண்டு நாள் பொறுங்கள். கொடுத்த பிறகு தேதியை மாற்றுவது கஷ்டம். உங்கள் விஷயத்தில் தேதிதான் பணம்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது, தொகை எப்படிக் குறைகிறது என்பதை. மாதாமாதம் சமமாகக் குறையும் என்றிருந்தால், மீதி 15 மாதத்துக்கு 62.5 சதவீதம் கட்டினால் போதும். ஒவ்வொரு மாதம் தாமதித்தாலும் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் மிச்சமாகும். புது வேலையில் மாதம் கூடுதலாக வரப்போகும் சம்பளம் அதைவிடப் பெரியது என்றால் காத்திருப்பதில் லாபமில்லை, கிளம்பிவிடலாம்.

ஆனால் பல ஒப்பந்தங்கள் படிப்படியாக இறங்கும். முதல் 12 மாதத்துக்குள் போனால் முழுத் தொகை, அதன் பிறகு பாதி என்பதுபோல. அப்படியானால் கணக்கே வேறு. நோட்டீஸ் காலம் 2 மாதம் என்று வைத்துக்கொள்வோம். இன்று கடிதம் கொடுத்தால் 11 மாதத்தில் வெளியே வருவீர்கள், முழுத் தொகையும் உங்கள் தலையில். சில வாரம் தள்ளிக் கொடுத்தால் பாதியோடு போகும். இதிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. மாதக் கணக்கு தொடங்குவது நீங்கள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தா, பணம் கொடுத்த நாளிலிருந்தா? முடிவது கடிதம் கொடுத்த நாளிலா, கடைசி வேலைநாளிலா? கடிதம் வந்ததும் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பிவிடும் நிறுவனங்களும் உண்டு. அதனால் விளிம்பில் நிற்காதீர்கள்.

அப்புறம் வரி. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இடமாற்றத் தொகையை உங்கள் வருமானத்தில் சேர்த்து வரி பிடித்திருந்தால், உங்கள் கைக்கு வந்தது குறைவு. திருப்பிக் கேட்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகையாக இருக்கலாம். வரியை நிறுவனமே கட்டியிருந்தால் அதையும் சேர்த்துக் கேட்கலாம். அதே வரி ஆண்டுக்குள் திருப்பிக் கொடுத்தால் பொதுவாகச் சம்பளப் பிரிவே கணக்கைத் திருத்திவிடும். ஆண்டு மாறிவிட்டால் வரித்துறையிடம் நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். எந்த ஆண்டில் கட்டுவது நல்லது என்பதை வரி ஆலோசகரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிச் சம்பளத்தில் பிடிக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. ஆனால் அந்தச் சம்மதத்தை உங்கள் ஒப்பந்தத்திலேயே வாங்கியிருக்கக்கூடும், பாருங்கள். எப்படியிருந்தாலும் கடைசி மாதச் சம்பளம் வராது என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

பேசியதற்கு மாறான வேலை என்பது உங்கள் கையில் இருக்கும் நல்ல வாதம். வேலை விவரம், மின்னஞ்சல்கள் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு எச்ஆரிடம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கோபமாக வேண்டாம். அவர்கள் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. தொகை பெரிதென்றால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். செலவுவாரியாகப் பட்டியலும் கேளுங்கள். பயிற்சிச் செலவு, ஆளெடுப்புச் செலவு என்று ஒப்பந்தத்தில் இல்லாதது எதுவும் அதில் நுழைந்திருக்கக் கூடாது.

மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். கிரெடிட் கார்டைத் தேய்த்துக் கட்டுவதைவிட வட்டியில்லாத ஆறு தவணை எவ்வளவோ மேல். முடிந்ததும் 'இனி பாக்கி எதுவும் இல்லை' என்று கடிதம் வாங்காமல் விடாதீர்கள்.

புது நிறுவனத்திடம் இந்தத் தொகையை ஈடுகட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேலையை ஏற்றுக் கையெழுத்திடும் முன் கேளுங்கள். ஆனால் ஜாயினிங் போனஸாகத் தந்தால் அதற்கும் வரி உண்டு, எனவே கட்ட வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்க வேண்டும். அதோடு அந்தப் போனஸுக்கும் 'இத்தனை மாதத்துக்குள் விலகினால்' என்று ஒரு நிபந்தனை இருக்கக்கூடும். இந்த முறை அதைக் கையெழுத்துக்கு முன்பே படித்து, சமமாகக் குறைகிற மாதிரி மாற்றித் தரச் சொல்லுங்கள்.