தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெட்டிய பச்சை வாட்டில் (வேல மர இனம்) விறகை எப்படி உலர்த்துவது? அண்டா வைத்தால் புகைதான் வருகிறது

புகைக்குக் காரணம் ஈரம். தீயின் சூடு முதலில் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் விறகு சுத்தமாக எரியும்.

பட்டையோடு முழுக்கட்டையாகக் கிடந்தால் வருடமானாலும் உள்ளே காயாது. 30 முதல் 35 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். வாட்டில் அப்போது சுலபமாகப் பிளக்கும். நீலகிரிக்கட்டை (யூகலிப்டஸ்) காய்ந்துவிட்டால் நார் முறுக்கிக்கொண்டு கோடாலியைக் கவ்வும். அதன் நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து சிம்பு சிம்பாக எடுங்கள். ஒரு சிம்பு மணிக்கட்டுப் பருமன் இருந்தால் போதும்.

செங்கல்மேல் இரண்டு கம்பு போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம். தார்ப்பாயால் முழுக்கப் போர்த்துவதுதான் பலரும் செய்யும் தப்பு: ஆவி வெளியேறாமல் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுச் சுவரை ஒட்டியும் அடுக்காதீர்கள், கறையான் வரும்.

நம் பக்கம் கோடைதான் மழைக்காலம். ஏப்ரலில் பிளந்தால் வறண்ட குளிர்காலம் முழுக்கக் காற்று கிடைக்கும். தைப்பூசக் காவடிச் சமையலுக்குத் தயாராகிவிடும். ஒரு சிம்பில் குறிபோட்டு வாராவாரம் சமையல் தராசில் நிறுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்தாயிற்று. இரண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும், ஈரமானது 'தொப்'பென்னும்.

தம்போட்டி என்ற ஆப்பிரிக்கக் காட்டு மரமும், பச்சைச் சாயல் அடிக்கும் மருந்தேற்றிய வேலிக்கம்பமும் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. முன்னதன் புகை நஞ்சு, பின்னதில் ஆர்சனிக் இருக்கும்.